எட்டு ட்யூப்புக்கு ஒரே அர்ச்சனை

அருணாதேவிக்கு வயது நாற்பத்து மூன்று. அவளுடைய கால்களுக்கு மட்டும் தொண்ணூறுக்கு மேல் இருக்கும். செங்கம் ரோட்டில் அவள் வேலை பார்த்த தோல் ஆஸ்பத்திரியின் மாடிக்கு இருபத்திரண்டு படிகள். ஒரே நாளில் அவற்றில் அவள் ஏறி இறங்கியதைக் கூட்டிப் பார்த்தால், அண்ணாமலை உச்சிவரை போய்த் திரும்பியிருக்கலாம், அதுவும் இரண்டு தடவை. கீழே டாக்டர் தேவிப்ரியா நோயாளிகளைப் பார்ப்பார். வெயிலில் தக்காளியாகச் சிவந்த வெள்ளைக்காரர்கள், முகத்தைவிடப் பரு பெரிதாக வந்த காலேஜ் பிள்ளைகள், கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வேறு முகம் கேட்டு வரும் மணப்பெண்கள் என்று காலை ஒன்பதிலிருந்து வரிசை நிற்கும். மாடியில் ஒரே ஓர் அறை. கதவில் 'ஆராய்ச்சிப் பிரிவு' என்று எழுதியிருக்கும். ஆராய்ச்சிப் பிரிவு என்றால் ஒரு மேசை, பூட்டிய பீரோ, முகத்தைப் படம் எடுக்கும் கேமரா, அருணாதேவி. அவ்வளவுதான்.

புது மருந்து கடைக்கு வரும் முன்னால் அதை மனிதர்களிடம் போட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா, அந்த மனிதர்களைப் பிடிப்பது அவள் வேலை. பிடித்தவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, பதினெட்டுப் பக்க ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி, மருந்தைக் கொடுத்து, அவர்கள் தும்மினாலும் தேதி போட்டு எழுதி வைப்பதும் அவள் வேலைதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் முடி வளரும் மருந்து ஒன்று வந்தது. இருபது ஆண்கள் சேர்ந்தார்கள். கெட்ட காலம், முடி நிஜமாகவே வளர்ந்துவிட்டது. வளர்ந்த சந்தோஷத்தில் பதினோரு பேர் வேண்டுதல் என்று போய் மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனத்தோடு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். முடியை எண்ணுவதற்கென்று வெளிநாட்டிலிருந்து வந்த கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அருணாதேவி பதினோரு பளபளப்பான தலைகளைப் பார்த்தபடி நின்றாள். அந்தக் கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்ததுதான் மங்குக் க்ரீம். டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். "இதுவும் போச்சுன்னா மாடி ரூம்ல லேசர் மெஷின் போட்டுடறேன் அருணா. நீங்க மறுபடி கீழ டோக்கனுக்கு வந்துடுங்க."

டோக்கன் கவுண்டரில் அவள் ஏற்கெனவே ஆறு வருடம் இருந்தவள். 'என் நம்பர் எப்ப வரும்' என்ற கேள்வியை அந்த ஆறு வருடத்தில் நாற்பது லட்சம் தடவை கேட்டிருப்பாள். அங்கிருந்து மேலே ஏறி வரத் தபாலில் ஒரு பட்டயப் படிப்பு, அதற்கு மூன்று தேர்வு, அதில் ஒன்றை இரண்டு முறை எழுதியது. திரும்பவும் அந்த ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்காருவதை நினைத்தாலே அவளுக்கு முதுகு வலித்தது.

மங்கு என்பது கன்னத்திலும் மூக்கின் மேலும் படரும் கருமைதான். வெயிலில் நிற்கிற பெண்களுக்கு ஜாஸ்தி. இருபத்து நான்கு பேர் வேண்டும். பாதிப் பேருக்கு மருந்துள்ள க்ரீம், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் க்ரீம். யாருக்கு எது என்று பூசிக்கொள்கிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற அருணாதேவிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ட்யூப் எல்லாம் ஒரே வெள்ளை. ஒவ்வொன்றிலும் நான்கு இலக்க எண் மட்டும் இருக்கும். கம்ப்யூட்டர் யாருக்கு எந்த எண்ணைச் சொல்கிறதோ அது அவருக்கு. மூன்று மாதம் இரவில் பூச வேண்டும். மாதம் ஒருமுறை பழைய ட்யூப்பைத் திருப்பிக் கொடுத்துப் புதிது வாங்கிக்கொள்ள வேண்டும்.

இருபத்து நான்கில் எட்டுப் பேர் அடி அண்ணாமலைக்காரர்கள். கிரிவலப் பாதையில் இட்லிக் கடை போட்டிருக்கும் தங்கம்மாள்தான் அந்த எட்டுப் பேருக்கும் தலைவி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவள் விற்கும் இட்லியை அடுக்கினால் ராஜகோபுரத்துக்கு இன்னொரு நிலை கட்டலாம். பகலெல்லாம் வெயில், சாயங்காலமெல்லாம் அடுப்பு. கன்னத்தில் மங்கு வராமல் வேறென்ன வரும். அவளைப் பார்த்து அக்கம்பக்கத்து ஏழு பெண்கள் சேர்ந்தார்கள். மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எட்டுப் பேரும் ஒன்றாக வந்தார்கள். அருணாதேவி எல்லாம் சொன்னாள். மஞ்சள் பூசாதீங்க, எலுமிச்சம்பழம் தேய்க்காதீங்க, பக்கத்து வீட்டுக்குக் குடுக்காதீங்க, வெயில்ல வைக்காதீங்க. முப்பத்தாறு 'தீங்க' சொல்லித் தொண்டை வறண்டு போனது. எட்டு ட்யூப்பையும் கொடுத்து பஸ்ஸுக்கு அனுப்பி வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து, செவ்வாய்க்கிழமை, எட்டுப் பேரும் ஒன்றாகவே திரும்பி வந்தார்கள். தங்கம்மாள் பழைய ட்யூப்பை எடுத்து மேசையில் வைத்தாள். எண் இருந்த இடத்தில் குங்குமம் அப்பியிருந்தது. அருணாதேவி பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். எண் தெரிந்தது. தங்கம்மாளுடைய எண் அது கிடையாது.

அடுத்தவளுடையதைத் துடைத்தாள். அதுவும் வேறு. துடைக்கத் துடைக்க அவள் கை மெதுவாகிக்கொண்டே போனது. எட்டில் ஏழு மாறியிருந்தது. எல்லம்மாள் என்ற ஒருத்திக்கு மட்டும் மாறவில்லை என்று நினைக்கப் போனாள், மறுபடி பார்த்தால் எல்லம்மாளுடையதும் மாறியிருந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த மெலிந்த பெண் ஒருத்திக்குத்தான் ஏதோ அதிர்ஷ்டத்தில் அவளுடையதே வந்திருந்தது.

"இதுல எதுக்கு குங்குமம்?" என்று அருணாதேவி கேட்டாள்.

தங்கம்மாளுக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "இன்னா நர்சம்மா இப்டி கேக்கறீங்க. மூஞ்சில பூசற மருந்து. அம்மன் கால்ல வைக்காம பூசுவாங்களா?"

அருணாதேவி நர்ஸ் இல்லை. மாடிக்கு வந்த ஒன்பது வருடமாகச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டாள்.

நடந்தது இதுதான். ட்யூப் வாங்கிய அன்றே எட்டுப் பேரும் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஊர் அம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு தேங்காய் என்றால் நேரமாகும் என்று ஒரே தட்டு, ஒரே தேங்காய், எட்டு ட்யூப். பூசாரி இருசப்பன் எல்லாவற்றையும் அம்மன் காலடியில் கொட்டி, கற்பூரம் காட்டி, ட்யூப்புக்கு ஒரு பொட்டு வைத்து, நீட்டிய கைகளில் ஒவ்வொன்றாகக் கொடுத்திருக்கிறார். கம்பெனியின் கம்ப்யூட்டர் ஒருமுறை குலுக்கியதை இருசப்பன் இன்னொரு முறை குலுக்கிவிட்டார்.

"நம்பர் பாத்து வாங்கலியா?"

"சாமி கையால வந்தது எதுவோ அதான நம்மளுது. அதுல போயி நம்பர் பாத்தா நல்லாவா இருக்கும்?"

மற்ற ஏழு பேரும் தலையாட்டினார்கள். அதில் அவர்களுக்குத் தப்பொன்றும் தெரியவில்லை. தங்கம்மாளின் கன்னம் வேறு நிஜமாகவே தெளிந்திருந்தது. அவள் அதை ஜன்னல் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள். எல்லம்மாள் மட்டும் முந்தானையால் முகத்தை மறைத்தபடி இருந்தாள். அருணாதேவி விலக்கிப் பார்த்தாள். இரண்டு கன்னமும் சுட்டது போலச் சிவந்து, ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. நாலு நாளாக எரிகிறதாம். சாமி மருந்தை நிறுத்தக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு பூசியிருக்கிறாள். டாக்டர் மேலே ஏறி வந்து பார்த்து, க்ரீமை உடனே நிறுத்தச் சொல்லி, எரிச்சல் ஆற வேறு களிம்பு எழுதிக் கொடுத்தார். மற்ற ஏழு பேருக்கும், நாங்கள் சொல்லும் வரை எதுவும் பூச வேண்டாம் என்று சொல்லிப் புது ட்யூப் தராமல் அனுப்பினார்கள். தங்கம்மாள் படியிறங்கும் வரை முனகிக்கொண்டே போனாள்.

அவர்கள் போன பிறகு அருணாதேவி எட்டு ட்யூப்பையும் மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வியாழக்கிழமை சென்னையிலிருந்து சரவணகுமார் வருகிறான். கம்பெனிக்காக ஒவ்வொரு ஊராகப் போய்க் கணக்குச் சரிதானா என்று சோதிக்கும் பையன். பேரேட்டில் ஒரு புள்ளி நகர்ந்திருந்தாலும் பூதக்கண்ணாடி இல்லாமலேயே கண்டுபிடிப்பான்.

அவள் மனதில் ஒரு யோசனை வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. எட்டுப் பேர் வந்தார்கள், எட்டு ட்யூப் வந்தது. யாருக்குக் கொடுத்த எண்ணோ அதையே அவரவர் பெயருக்கு நேராக எழுதிவிட்டால் முடிந்தது. எதையும் கிழிக்க வேண்டாம், அழிக்க வேண்டாம். குங்குமத்தைத் துடைத்தாயிற்று. எந்தக் கையிலிருந்து எந்த ட்யூப் வந்தது என்று உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். மாடி அறை அவளுடையதாகவே இருக்கும். கால் வலிக்கிற படிகளும் அவளுடையதாகவே இருக்கும்.

பேனாவைத் திறந்தாள். தங்கம்மாள் பெயருக்கு நேராக எழுதப் போனாள். எழுதிவிடலாம் போலத்தான் இருந்தது. கீழே எல்லம்மாளின் பெயரில் கண் பட்டபோதுதான் பேனா நின்றது. 'கன்னத்தில் எரிச்சல், தோல் உரிதல்' என்று அவள் பெயரில் எழுதியாக வேண்டும். எந்த எண்ணின் மேல் எழுதுவது? அந்தக் கன்னத்தைச் சுட்ட ட்யூப்பை விட்டுவிட்டு, சும்மா இருந்த ட்யூப்பின் மேல் பழியைப் போட்டால், நாளைக்கு இந்த க்ரீம் கடைக்கு வரும்போது எரியாது என்று அட்டையில் அச்சடித்துக்கொண்டு வரும். எத்தனை எல்லம்மாள் வாங்கிப் பூசுவார்கள்.

அவள் பேனாவை மூடினாள். அதற்கு மேல் யோசிக்கவும் தெம்பில்லை.

கீழே போய் டாக்டரிடம் சொன்னாள். அன்றைக்கு எழுபத்தொன்பது பேரைப் பார்த்து முடித்திருந்த டாக்டர், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெகு நேரம் விரல்களால் கண்ணை அழுத்திக்கொண்டிருந்தார்.

"எழுதினா மூடிடுவாங்க அருணா."

"தெரியும் மேடம்."

"டோக்கனுக்குப் போறீங்களா?"

"போறேன் மேடம். எல்லம்மா கன்னத்த பாத்தீங்கல்ல."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எழுதுங்க. எத்தன பக்கம் வந்தாலும் நான் கையெழுத்துப் போடறேன்."

மறுநாள் அருணாதேவி ஷேர் ஆட்டோவில் நசுங்கி அடி அண்ணாமலைக்குப் போனாள். உச்சி வெயில். வீடு வீடாக ஏறி, கோயிலில் கைக்கு வந்த ட்யூப்பைத்தான் மாதம் முழுக்கப் பூசினார்களா, நடுவில் கை மாறியதா என்று கேட்டு எழுதினாள். மாறவில்லை. அந்த மட்டும் நல்லது. ஒவ்வொரு வீட்டிலும் மோர் கொடுத்தார்கள். எட்டு வீட்டு மோரும் வயிற்றில் குலுங்க, கடைசியாகக் கோயிலுக்கு வந்து இருசப்பனைப் பிடித்தாள். அவர் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்.

கேள்விப்பட்டதும் எழுந்து உட்கார்ந்தார். ஆராய்ச்சியில் தன் பேர் வருகிறதா என்பதுதான் அவருக்கு முதல் கவலை. வரும் என்றதும் மீசையைத் தடவிக்கொண்டார். ட்யூப்பை எந்த வரிசையில் கொடுத்தீர்கள் என்று அவள் கேட்டாள்.

"இன்னா வரிச? எந்த கை முன்னாடி நீளுதோ அந்த கைக்கு."

"ட்யூப்புல நம்பர் இருந்திச்சே, பாக்கலியாங்க?"

"அம்மன் நம்பர் பாத்தா குடுக்கறா?" என்றார் இருசப்பன். பிறகு, வந்தவள் மிகவும் களைத்திருப்பதைப் பார்த்து, ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தார். "நீ ஏம்மா இதுக்குப் போய் வெயில்ல அலையற."

அவள் வாழைப்பழத்தைத் தின்றாள்.

வியாழக்கிழமை சரவணகுமார் வந்தான். அருணாதேவி எழுதி வைத்திருந்த பதினான்கு பக்கத்தையும் படித்தான். படிக்கப் படிக்க அவன் கழுத்து டை தானாகத் தளர்ந்தது. எட்டுப் பேரும் சேர்ந்து வந்தபோது ஏன் தனித்தனியாகப் பெயர் எழுதிக் கொடுக்கவில்லை என்று கேட்டான். அது தன் தப்புதான் என்றாள். அதையும் பதினைந்தாவது பக்கமாக எழுதச் சொன்னான். எழுதினாள். இனி இப்படி நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. கோயிலுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று எழுதலாமா என்று கேட்டான்.

"எழுதலாம் சார். யாரு கேப்பாங்க?"

அவன் படிவத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு மலையைப் பார்த்தான். ஜன்னலில் வேறு எதுவும் தெரியாது. கடைசியில் அவளே எழுதினாள்: 'அர்ச்சனைக்கு ஒருவர் ஒருவராகப் போக வேண்டும். இருவர் ட்யூப் ஒரு தட்டில் இருக்கக் கூடாது.'

அது இங்கிலீஷாகிக் கடல் தாண்டிப் போயிற்று. ஒன்பது நாள் சத்தமில்லை. அந்த ஒன்பது நாளும் அருணாதேவி மாடி அறையின் சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்தாள். கீழே டோக்கன் கவுண்டரில் இருந்த பெண் இவளைப் பார்க்கும்போதெல்லாம் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் கேள்வி வந்தது. மூடுவதா வேண்டாமா என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. க்ரீமை முப்பது டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது. கற்பூரச் சுடர் ட்யூப்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் காட்டப்பட்டது, எத்தனை விநாடி, எத்தனை சுற்று? இதற்கு அளவோடு பதில் வேண்டும்.

சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, ஒரு தையல் டேப்போடு, அருணாதேவி மறுபடியும் அதே ஷேர் ஆட்டோவில் நசுங்கினாள். காலி ட்யூப் ஒன்றை அம்மன் முன்னால் வைத்து இருசப்பன் கற்பூரம் காட்டினார். தங்கம்மாள் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தாள். ஊரே வந்து நின்று பார்த்தது. இருசப்பன் அன்றைக்குக் காட்டிய தீபாராதனை போல அந்தக் கோயில் கட்டின நாளிலிருந்து யாரும் காட்டியதில்லை. மூன்று சுற்றுக்குப் பதினேழு சுற்றுச் சுற்றினார். சாதாரணமா எப்படியோ அப்படிக் காட்டுங்கள் என்று அவள் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் மூன்றாகக் குறைந்தது. அறுபத்தைந்து சென்டிமீட்டர், பதினோரு விநாடி. எழுதிக்கொண்டாள். எல்லம்மாள் கூட்டத்தில் நின்றிருந்தாள். கன்னம் ஆறியிருந்தது. மங்கு அப்படியேதான் இருந்தது.

"இதுவே போதும் நர்சம்மா, எரியாம இருந்தா சரி," என்றாள் எல்லம்மாள்.

முடிவு பங்குனிக் கடைசியில் வந்தது. எட்டுப் பேரும் இனி க்ரீம் பூச வேண்டாம். ஆனால் மூன்றாவது மாதம் வரை அவர்கள் கன்னத்தைப் பார்த்து எழுதி வர வேண்டும். எல்லம்மாள் பூசியது எந்த எண்ணோ அந்த எண்ணின் மேலேயே அவளுடைய எரிச்சல் ஏறிவிட்டது; அது மருந்தா வெறும் க்ரீமா என்பது கடைசி நாளில்தான் தெரியும். ஆராய்ச்சி தொடரலாம். ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே நிபந்தனை இருந்தது. எட்டுப் பேருக்குப் பதிலாக எட்டுப் புதியவர்கள் ஆறு வாரத்துக்குள் வேண்டும். ஒரே வீட்டிலிருந்து இருவர் கூடாது, ஒரே தெருவிலிருந்து இருவர் கூடாது, ஒரே வழிபாட்டு இடத்துக்குச் சேர்ந்து போகிறவர்களாக இருக்கக் கூடாது.

டாக்டர் அந்தக் கடைசி நிபந்தனையை இரண்டு தடவை படித்தார். "திருவண்ணாமலைலயா?" என்று மட்டும் கேட்டார்.

அருணாதேவி அட்டைப்பெட்டியிலிருந்த சாமான்களைத் திரும்ப எடுத்து அடுக்கினாள். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைவு வந்தது. சாயங்காலம் பட்டுக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தாள், சாயங்காலம் தூங்கிவிட்டாள். ஒப்புதல் படிவத்தில் அர்ச்சனை பற்றி ஒரு பக்கம் சேர்ந்து அது பத்தொன்பது பக்கமாகியிருந்தது. அதைச் சுமந்துகொண்டு தெருவுக்கு ஒரு மங்கு தேடி அலைந்தாள். பஸ்ஸில் போகும்போதும் எதிரே இருக்கும் பெண்களின் கன்னத்தையே பார்த்ததில் இரண்டு பேர் இவளை முறைத்தார்கள், ஒருத்தி இடம் மாறி உட்கார்ந்தாள். செருப்பு தேய்ந்து தேய்ந்து ஊரின் மேடு பள்ளமெல்லாம் பாதத்துக்கு மனப்பாடமாயிற்று. நான்கு வாரத்தில் ஆறு பேர் கிடைத்தார்கள்.

ஏழாவதாகக் கிடைத்தவர் முன்னி பேகம். பஜாரில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருந்தவர். நாற்பத்தாறு வயது. இரண்டு கன்னத்திலும் நல்ல அழுத்தமான மங்கு. அருணாதேவி அதைப் பார்த்ததும் கும்பிடாத குறை. முன்னி பேகம் மெஷினை நிறுத்திவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, பத்தொன்பது பக்கத்தையும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்தார். ஒன்பது வருடத்தில் ஒரு படிவத்தை முழுதாகப் படித்த முதல் மனுஷி அவர்தான். எரிச்சல் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். வெறும் க்ரீமாக இருந்தால் தனக்கு என்ன லாபம் என்று கேட்டார். அருணாதேவி மறைக்காமல் சொன்னாள். முன்னி பேகம் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடைசிப் பக்கத்துக்குத் திரும்பினார்.

"இதுல கோயிலுன்னுதான போட்டிருக்கு. நான் தர்காவுல வச்சி ஒரு ஃபாத்திஹா ஓதிக்கலாமாம்மா?"

"தாராளமாப் போங்கக்கா. தனியாப் போவீங்களா?"

"தனியா எங்கம்மா போறது. எப்பவும் எங்க நாத்தனாரோடதான்."

அருணாதேவி தையல் மெஷினுக்குப் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். "அவங்களுக்கும் மங்கு இருக்குதாக்கா?"

"எனக்கு மேல ஜாஸ்தி. ஏன், அவளையும் கூட்டினு வரட்டா?"

அருணாதேவிக்கு இன்னும் ஒருத்தி வேண்டும். இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. ஒரே வீடு கூடாது, ஒரே தெரு கூடாது, சேர்ந்து போகக் கூடாது. அவள் வெளியே வெயிலைப் பார்த்தாள், தன் செருப்பைப் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள்.

"உங்க நாத்தனார் வீடு எந்தத் தெருக்கா?" என்று கேட்டாள். "ரெண்டு பேரும் மூணு மாசத்துக்கு வேற வேற கெழமைல தர்காவுக்குப் போவ முடியுமா?"